சூட்டுக்குப் பூட்டு போட்டவர்: கவுண்ட் ரம்ஃபோர்டு

முதலில் ஒரு சின்ன கணக்கு. பயப்படாதீங்க, பிளஸ் டூ லெவல்தான்.

திண்டுக்கல் பைபாஸ் ஓரமா ஒரு ட்ரெய்லர்ல காபி கடை போடுறோம்னு வச்சுக்குவோம். கரண்ட் கனெக்‌ஷன் கிடையாது. கையில் இருப்பது 12 வோல்ட், 150 ஆம்பியர் அவர் பேட்டரி ஒண்ணு, 1000 வாட் இன்வெர்ட்டர் ஒண்ணு. பேட்டரியில் மொத்தம் 1800 வாட் அவர் இருக்கு. லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல இறக்கினா சீக்கிரம் செத்துடும், அதனால 900 தான் நம்ம கையிருப்பு. 100 மில்லி டம்ளர்ல 100 காபி விக்கணும்னா மொத்தம் 10 லிட்டர். அதை 25 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குச் சூடாக்க சுமார் 760 வாட் அவர் வேணும்.

பேப்பர்ல பாஸ். ஆனா நிஜத்தில் ஃபெயில். பாத்திரத்தின் பக்கவாட்டில் கொஞ்சம் சூடு போகும், மேலே ஆவியா கொஞ்சம் போகும், இன்வெர்ட்டர் தன் பங்குக்குக் கொஞ்சம் எடுத்துக்கும். ஷோவுக்கு ரெண்டு குரூப் எஸ்பிரெஸ்ஸோ மெஷின் வாங்கி வச்சா அது 3000 வாட்டுக்கு மேல கேட்கும். ஸ்விட்ச் போட்ட உடனே இன்வெர்ட்டர் டிரிப் ஆயிடும்.

இந்தப் பிரச்சினையில் கரண்ட் புதுசு, மத்ததெல்லாம் பழசு. கையில் கொஞ்சம்தான் எரிபொருள், அதை வச்சு நிறைய பேருக்குச் சூடா கொடுக்கணும், ருசியும் கெடக்கூடாது. இந்தக் கேள்வியோடு பல வருஷம் மல்லுக்கட்டிய ஒரு மனிதர் 1814-ல் இறந்துபோனார். காபி போடுவதைப் பற்றி முழுநீளக் கட்டுரையே எழுதியவர். பெயர் பெஞ்சமின் தாம்சன். இயற்பியல் புத்தகத்தில் அவரை நாம பார்த்திருப்போம், பட்டப்பெயரில்: கவுண்ட் ரம்ஃபோர்டு. பீரங்கியில் துளை போட்டவர். அதுக்கு மேல அவரைப் பற்றி நமக்கு யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தா அந்த வகுப்பில் யாரும் தூங்கியிருக்க மாட்டோம், ஏன்னா அவர் வாழ்க்கை அப்படி.

கடைப்பையன்

1753 மார்ச் 26 அன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உபர்ன் என்ற ஊரில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். அப்போது அமெரிக்கா தனி நாடு இல்லை, பிரிட்டிஷ் காலனி. கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். 13 வயதில் சேலம் என்ற ஊரில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்த்தார்கள். நம்ம சேலம் இல்லை, அங்கேயும் ஒரு சேலம் இருக்கு. கடையில் இருந்தபடியே வாணவேடிக்கைக்கு மருந்து அரைத்து, அது வெடித்து உடம்பைச் சுட்டுக்கொண்டார். பிறகு ஒரு நண்பருடன் பல மைல் நடந்து ஹார்வர்டு கல்லூரிக்குப் போய் இயற்பியல் சொற்பொழிவுகளைக் கேட்டார். டிகிரி எல்லாம் கிடையாது. கேட்டதை வீட்டில் வந்து செய்து பார்ப்பார், அவ்வளவுதான் படிப்பு.

19 வயதில் கன்கார்டு என்ற ஊருக்கு வாத்தியாராகப் போனார். அந்த ஊரின் பழைய பெயர் ரம்ஃபோர்டு. அங்கே தன்னைவிட பத்து வயதுக்கு மேல் மூத்த, வசதியான ஒரு விதவைப் பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். ஒரே வருஷத்தில் வாழ்க்கை தலைகீழாக மாறியது. ஆளுநரோடு பழக்கம், படையில் மேஜர் பதவி, பெரிய வீடு. 1774-ல் சாரா என்ற மகள் பிறந்தாள்.

இதுவரைக்கும் முன்னேறிய ஒரு ஏழைப் பையனின் கதை. இனிமேல்தான் கஷ்டமான பகுதி.

ஓடிப்போனவர்

அமெரிக்காவில் விடுதலைப் போராட்டம் சூடுபிடித்த நேரம். தாம்சன் ராஜா பக்கம். ஊர்க்காரர்கள் அவரைப் பிடித்துத் தாரும் இறகும் பூச வரப்போகிறார்கள் என்று தெரிந்ததும், 1774 கடைசியில் மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு ஓடினார். ஓடியதோடு நிற்கவில்லை. மறைமை எழுதி பிரிட்டிஷ் தளபதிக்கு உளவுக் கடிதம் அனுப்பினார். 1776-ல் லண்டன் போய்ச் சேர்ந்தார். மனைவி 1792-ல் இறக்கும் வரை அவர் முகத்தைத் திரும்பப் பார்க்கவே இல்லை.

லண்டனில் அவர் வளர்ந்த வேகம் ஆச்சரியமானது. காலனிகளைக் கவனிக்கும் அமைச்சரிடம் ஒட்டிக்கொண்டு, நாலே வருஷத்தில் துணைச் செயலர் ஆனார். நடுவில் வெடிமருந்தின் விசையை அளக்கும் சோதனைகள் செய்து 1779-ல் ராயல் சொசைட்டியில் உறுப்பினரானார். போரின் கடைசிக் கட்டத்தில் ஒரு குதிரைப்படைக்குத் தலைவராக அமெரிக்காவுக்கே திரும்பினார். நியூயார்க் பக்கம் ஹண்டிங்டன் என்ற ஊரில் கல்லறைத் தோட்டத்தின் மேல் கோட்டை கட்டினார். அங்கிருந்த கல்லறைக் கற்களைப் பிடுங்கி ரொட்டி சுடும் அடுப்பு கட்ட வைத்தார். போர் முடிந்த பிறகும் அந்த ஊர் மக்கள் அதை மறக்கவில்லை.

அடுப்பைப் பற்றி உலகத்துக்கே பாடம் எடுக்கப்போகிற ஒருவர் வாழ்க்கையில் அடுப்பு இப்படித்தான் முதல்முறை வருகிறது. இதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்ந்தால் அது நேர்மையா இருக்காது. அதான் முதல்லயே சொல்லிட்டேன்.

மியூனிக்: கஞ்சியும் கம்பளியும்

போர் தோற்றது. இங்கிலாந்து ராஜாவிடம் சர் பட்டம் வாங்கிக்கொண்டு 1784-ல் ஜெர்மனியின் பவேரியாவுக்குப் போனார். அதை ஆண்ட கார்ல் தியோடர் அவரை நம்பிப் படையையே ஒப்படைத்தார். அடுத்த பதினொரு வருஷம்தான் தாம்சன் ரம்ஃபோர்டு ஆன காலம்.

படைவீரர்களுக்குக் குளிர் தாங்கும் உடுப்பு தேவைப்பட்டது. எந்தத் துணி சிறந்தது என்று வியாபாரிகளைக் கேட்காமல், அவரே அளந்தார். ஒரு தெர்மாமீட்டரைக் கண்ணாடிக் குழாய்க்குள் வைத்து, சுற்றிலும் கம்பளி, பட்டு, பஞ்சு, இறகு, முயல் ரோமம் என்று ஒவ்வொன்றாக அடைத்தார். கொதிநீரில் சூடாக்கி, பிறகு பனிக்கட்டித் தண்ணீரில் வைத்து, சூடு இறங்க எத்தனை நொடி ஆகிறது என்று குறித்தார். கிடைத்த பதில் அன்றைக்குப் புதுசு. சூட்டைத் தடுப்பதில் துணியைவிட அதன் இழைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு அசைய முடியாமல் நிற்கும் காற்றுக்குத்தான் பெரிய வேலை. இன்றைக்கு ஐஸ் பெட்டியில் இருக்கும் தெர்மகோல், அவனைச் சுற்றி இருக்கும் கண்ணாடிப் பஞ்சு, எல்லாமே மாட்டிக்கொண்ட காற்றுதான். இந்த வரிசை ஆராய்ச்சிகளுக்காக 1792-ல் ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம் கிடைத்தது.

காற்றையே எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்றும் பார்த்தார். வெற்றிடத்துக்குள் தெர்மாமீட்டரை வைத்து அளந்தபோது, காற்றைவிட வெற்றிடத்தில் சூடு மெதுவாகப் போவது தெரிந்தது. சுமார் நூறு வருஷம் கழித்து 1892-ல் ஜேம்ஸ் டூவர் இதே தத்துவத்தில் வெற்றிடக் குடுவையைச் செய்தார். நம்ம வீட்டு ஃபிளாஸ்க் அதன் வாரிசு. டூவர் வேலை பார்த்த லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனை ஆரம்பித்ததும் ரம்ஃபோர்டுதான். அதுக்குப் பிறகு வருவோம்.

1790 ஜனவரி 1. மியூனிக் தெருக்களில் பிச்சைக்காரர்களை எல்லாம் படையை வைத்துப் பிடித்தார். சிறைக்கு அனுப்பவில்லை, ஒரு பெரிய வேலைக்கூடத்துக்கு அனுப்பினார். படைக்கு உடுப்பு தைக்கிற வேலை, கூலி, சாப்பாடு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். இரக்கமா, கணக்கா? ரெண்டும் கலந்ததுதான். ஆட்களைக் கேட்டா செய்தார் என்றால், இல்லை. ஆனா முதல்நாள் வரை தெருவில் பசியோடு கிடந்தவர்களுக்கு மறுநாள் சூடா சாப்பாடு கிடைத்தது என்பதும் உண்மை.

தினமும் அத்தனை பேருக்குச் சமைக்க விறகு எவ்வளவு ஆகும்? பெரிய செலவு உணவா விறகா என்று யோசிக்க வேண்டிய நிலைமை. பார்லி, பட்டாணி, உருளைக்கிழங்கு, காடி சேர்த்து ஒரு கெட்டியான கஞ்சி செய்தார். ரம்ஃபோர்டு சூப் என்று அது ஐரோப்பா முழுக்கப் பரவியது. அதோடு அடுப்பையும் மாற்றினார். அந்தக் காலத்தில் திறந்த தீயின் மேல் சட்டியைத் தொங்கவிடுவார்கள், பாதிக்கு மேல் சூடு புகைபோக்கி வழியே போய்விடும். அவர் தீயைச் செங்கல்லுக்குள் அடைத்தார். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனித்தனி சின்ன அடுப்பு, காற்றைக் கூட்டிக் குறைக்க ஒரு தகடு, பாத்திரத்தைச் சுற்றி வளைந்து போகும் புகைப்பாதை. எந்தச் சட்டி வேண்டுமோ அதற்கு மட்டும் தீ.

இன்னொன்றும் கவனித்தார். கொதி வந்த பிறகு தீயை எவ்வளவு கூட்டினாலும் தண்ணீரின் சூடு ஏறாது, ஆவிதான் அதிகமாகப் போகும். பனிக்கட்டி அளவு குளிர்ந்த தண்ணீரைக் கொதிக்க வைக்க ஆகும் வெப்பத்தைப் போல ஐந்து மடங்குக்கு மேல், கொதித்த தண்ணீரை முழுசா ஆவியாக்க ஆகும். தளதளன்னு கொதிக்க விடுகிற ஒவ்வொரு நிமிஷமும் விறகு ஆவியாகப் போகிறது என்று அவர் திரும்பத் திரும்ப எழுதினார். மெஸ்ஸில் பாலைக் கொதிக்க வைத்துக்கொண்டே இருக்கிறதைப் பார்க்கும்போதெல்லாம் இது ஞாபகம் வரும்.

ருசியான ஒரு கேள்வியும் அவருக்கு வந்தது. சாறு மாதிரி இருப்பது சீக்கிரம் ஆறுகிறது, வேகவைத்த ஆப்பிளும் கெட்டியான அரிசிக் கஞ்சியும் மட்டும் ஏன் வாயைச் சுடுகிறது? நம்ம ஊர்ல கேட்டா ரசம் ஆறிப்போச்சு, வெண்பொங்கல் மட்டும் நாக்கைச் சுடுதே என்கிற அதே கேள்வி. ஒருநாள் ஜன்னல் ஓரம் ஆற வைத்திருந்த பெரிய தெர்மாமீட்டருக்குள், வெயில் பட்டு, தூசித் துகள்கள் மேலும் கீழும் ஓடுவதைப் பார்த்தார். திரவத்துக்குள் சூடு ஓட்டமாக நகர்கிறது. ஓட விடாமல் கெட்டியாக இருந்தால் சூடு உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. இதைத்தான் நாம வெப்பச்சலனம் என்று படிக்கிறோம். இதில் ஒரு படி தாண்டிப் போய், திரவங்கள் வெப்பத்தைக் கடத்தவே கடத்தாது என்று முடிவு கட்டினார். அது தப்பு. கொஞ்சம் கடத்தும். ஆனா சலனம்தான் முக்கியம் என்பது சரி.

1791-ல் கார்ல் தியோடர் அவருக்குக் கவுண்ட் என்ற பிரபுப் பட்டம் கொடுத்தார். பட்டத்துக்கு எந்த ஊர்ப் பெயரை வைப்பது? எந்த ஊரிலிருந்து மனைவியையும் குழந்தையையும் விட்டு ஓடினாரோ, அந்த ஊரின் பழைய பெயரையே எடுத்தார்: ரம்ஃபோர்டு. ஏன் அதைத் தேர்ந்தெடுத்தார் என்பதை அவரவர் யோசிச்சுக்கலாம்.

குதிரை போட்ட வெந்நீர்

இப்போ அந்தப் பீரங்கி. மியூனிக் ஆயுதசாலையில் பித்தளைப் பீரங்கிக்குத் துளை போடும்போது உலோகம் பயங்கரமாகச் சூடேறுவதைப் பார்த்தார். அந்தக் காலத்து விஞ்ஞானிகளுக்கு வெப்பம் என்பது ஒரு பொருள், எடையில்லாத ஒரு திரவம். அதற்குக் கலோரிக் என்று பெயர் வைத்தவர் பிரான்சின் லவாய்சியர். உலோகத்தைச் செதுக்கும்போது உள்ளே இருக்கும் கலோரிக் வெளியே வருகிறது என்பார்கள்.

ரம்ஃபோர்டு வேண்டுமென்றே மொட்டையான ஒரு துளைக்கருவியை எடுத்தார். செதுக்காது, தேய்க்க மட்டும் செய்யும். பீரங்கித் துண்டைச் சுற்றி ஒரு மரப்பெட்டி, அதற்குள் சுமார் 8.5 கிலோ தண்ணீர். குதிரையைப் பூட்டிச் சுற்றவிட்டார். இரண்டரை மணி நேரத்தில் தண்ணீர் கொதித்தது. நெருப்பே இல்லை. சுற்றி நின்று பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். சுற்றச் சுற்ற வெப்பம் தீராமல் வந்துகொண்டே இருந்தது. ஒரு பொருள் என்றால் எப்போதாவது தீர்ந்துதானே ஆகணும்? அதனால வெப்பம் என்பது பொருள் இல்லை, ஒருவகை இயக்கம். 1798-ல் இதை ராயல் சொசைட்டியில் அறிக்கையாக வைத்தார். எல்லோரும் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. 1840-களில் ஜூல் வந்து துல்லியமாக அளந்த பிறகுதான் விஷயம் முடிவுக்கு வந்தது.

இதை நாம ஒரு காபி ட்ரெய்லர் கண்ணோட ஒருதரம் பார்க்கலாம். 8.5 கிலோ தண்ணீர், 15 டிகிரியிலிருந்து 100 வரை, 9000 நொடி. தண்ணீருக்குள் மட்டும் போனது சராசரியாக 330 வாட் சொச்சம். ஒரு குதிரைத்திறன் 746 வாட். மீதி பித்தளைக்கும் காற்றுக்கும் போயிருக்கும். நம்ம 1000 வாட் இன்வெர்ட்டர் கிட்டத்தட்ட ஒண்ணேகால் குதிரை. அதாவது பேட்டரியில் கெட்டில் போடுவது, குதிரையைக் கட்டி வெந்நீர் வைக்கிற மாதிரி.

இதற்கு ரம்ஃபோர்டு அதே அறிக்கையில் போகிற போக்கில் ஒரு குறிப்பு எழுதினார். வெந்நீர்தான் வேணும் என்றால் குதிரையை ஓட்டாதே, குதிரைக்குப் போடும் தீவனத்தை எரித்தாலே இதைவிட அதிகச் சூடு கிடைக்கும் என்பது அதன் சாரம். என்னைக் கேட்டால் ட்ரெய்லர் கடைக்கு இதுதான் முக்கியமான வரி. இயக்கத்தை முழுசா வெப்பமாக்கலாம். வெப்பத்தை முழுசா இயக்கமாக்க முடியாது. அதனால கஷ்டப்பட்டுக் கிடைத்த இயக்கத்தை, இன்றைய கணக்கில் மின்சாரத்தை, வெறும் சூட்டுக்குச் செலவழிப்பது வீண்.

எண்ணில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். நம்ம 150 ஆம்பியர் அவர் பேட்டரி ஐம்பது கிலோ எடைக்குப் பக்கம் இருக்கும், கையில் கிடைப்பது 900 வாட் அவர். ஒரு கிலோ சமையல் கேஸில் சுமார் 46 மெகாஜூல், அதாவது 12,700 வாட் அவர். 100 காபிக்கான சூட்டை, அடுப்பில் பாதி வீணானாலும், 120 கிராம் கேஸ் கொடுத்துடும். அப்போ பேட்டரி எதுக்கு? விளக்கு, காபிக்கொட்டை அரைக்கும் மெஷின், காற்றாடி, க்யூஆர் ஸ்பீக்கர். குதிரை செய்ய வேண்டிய வேலையைக் குதிரை செய்யட்டும். வெந்நீரைத் தீவனம் பார்த்துக்கும்.

லண்டனும் பாரிசும்

1790-களின் நடுவில் லண்டன் வந்தபோது வீட்டுக்கு வீடு கணப்படுப்பு புகை கக்கிக்கொண்டிருந்தது. வாயைக் குறுக்கி, பக்கச் சுவரைச் சாய்த்து, புகைக் குழாயின் கழுத்தை ஒடுக்கி ஒரு திருத்தம் சொன்னார். புகை குறைந்தது, அறைக்குள் சூடு கூடியது. பெரிய வீடுகளில் எல்லாம் ரம்ஃபோர்டு அடுப்பு வைப்பது ஃபேஷன் ஆனது. இந்தக் கண்டுபிடிப்புகளுக்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை. யார் வேணும்னாலும் செஞ்சுக்கட்டும் என்று வரைபடத்தோடு வெளியிட்டார். நம்ம மொழியில் ஓப்பன் சோர்ஸ்.

1796-ல் மகள் சாரா லண்டன் வந்து அப்பாவைச் சந்தித்தாள். கைக்குழந்தையாக விட்டுவிட்டுப் போனவருக்கு எதிரே 21 வயதுப் பெண். அதே வருஷம் வெப்பம், ஒளி பற்றிய ஆராய்ச்சிக்குப் பதக்கம் கொடுக்கச் சொல்லி ராயல் சொசைட்டிக்கு 1000 பவுண்டு கொடுத்தார். அந்த ரம்ஃபோர்டு பதக்கத்தை முதல்முதலாக வாங்கியவர் யார் தெரியுமா? அவரேதான்! தற்பெருமைக்கு அவரிடம் பஞ்சமே இல்லை.

1799-ல் ராயல் இன்ஸ்டிடியூஷன். கைவினைஞர்களும் சாதாரண மக்களும் அறிவியலைக் கற்றுப் பயன்படுத்த வேண்டும் என்பது அவர் திட்டம். 1801-ல் ஹம்ஃப்ரி டேவி என்ற இளைஞரை வேலைக்கு எடுத்தார். டேவி பின்னால் ஃபாரடேயை எடுத்தார். ஃபாரடே இல்லாமல் டைனமோ இல்லை, நம்ம ஈஈஈ டிபார்ட்மென்ட்டும் இல்லை. ஆனா ரம்ஃபோர்டு அங்கே ரொம்ப நாள் நிலைக்கவில்லை. யாரோடும் ஒத்துப்போகாத குணம். எல்லோருக்கும் உத்தரவு போட்டே பழகியவர். சண்டை போட்டுக்கொண்டு பாரிசுக்குப் போய்விட்டார்.

பாரிசில் 1805-ல் இரண்டாம் திருமணம். மணப்பெண் மேரி ஆன், கலோரிக்குக் பெயர் வைத்த அதே லவாய்சியரின் விதவை. லவாய்சியரின் தலை பிரெஞ்சுப் புரட்சியில், 1794-ல் வெட்டப்பட்டிருந்தது. இவருக்கு அமைதி வேணும், அவருக்கு விருந்தும் ஆட்களும் வேணும். ஒருநாள் தனக்குப் பிடிக்காத விருந்தாளிகள் வருகிறார்கள் என்று இவர் வெளிக் கேட்டைப் பூட்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். மனைவி கோபத்தில் இவர் ஆசையாக வளர்த்த பூச்செடிகள் மேல் கொதிக்கிற தண்ணீரை ஊற்றிவிட்டார். மகளுக்கு எழுதிய கடிதத்தில் அவரே இதைப் புலம்பியிருக்கிறார். 1809-ல் பிரிந்தார்கள்.

கடைசியாகக் காபி

பாரிசை ஒட்டிய ஒதேய் கிராமத்தில் தனியாக இருந்த காலத்தில்தான் காபிக் கட்டுரை, 1812-ல். நெப்போலியன் போர்க்காலம். கடல் வாணிபம் தடைபட்டு ஐரோப்பாவில் காபி விலை ஏறிக் கிடந்தது. விறகும் வீணாகக் கூடாது, கொட்டையும் வீணாகக் கூடாது. மதுவுக்குப் பதிலாக உழைக்கும் மக்கள் கையில் நல்ல காபி போய்ச் சேர வேண்டும் என்பது அவர் ஆசை.

அன்று நிறைய வீடுகளில் தூளைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைப்பார்கள். மணம் அறை முழுக்க வரும். ரம்ஃபோர்டு கேட்டது, அந்த மணம் அறைக்குப் போய்விட்டால் கப்பில் என்ன மிச்சம் இருக்கும் என்பதுதான். அதனால் காபியைக் கொதிக்க விடக்கூடாது. கொதிநிலைக்குப் பக்கத்தில் சூடு இருக்கணும், ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே அளவில் இருக்கணும். சூடு இடத்துக்கு இடம் மாறினால் திரவம் உள்ளுக்குள் ஓடும், ஓடினால் மணம் தப்பும். தெர்மாமீட்டரில் பார்த்த அதே தூசி ஓட்டம் இங்கே காபியில்.

அதற்கு அவர் செய்த பாத்திரம் நமக்கு ரொம்பத் தெரிஞ்சது மாதிரி இருக்கும். பாரிசில் ஏற்கெனவே சொட்டு வடிகட்டி இருந்தது. அதை இவர் திருத்தினார். மேல் பாத்திரத்தின் அடியில் ஓட்டைகள். தூளைப் போட்டு, கம்பி வைத்த ஓட்டைத் தட்டால் சமமாக அமுக்கணும். அந்தத் தட்டு மேலேயே இருக்கணும், அப்போதான் தண்ணீர் ஊற்றும்போது தூள் கலங்காது. கீழ்ப் பாத்திரத்தில் டிகாக்‌ஷன் இறங்கும். இதோடு அவர் சேர்த்தது ஒரு வெளிச்சட்டை: கீழ்ப் பாத்திரத்தைச் சுற்றிக் கொதிநீர் நிற்கும், டிகாக்‌ஷன் ஆறாது. நம்ம வீட்டு பித்தளை ஃபில்டரில் அந்த வெளிச்சட்டை மட்டும்தான் இல்லை. பம்ப் வேண்டாம், பிரஷர் வேண்டாம், கரண்ட் வேண்டாம். புவியீர்ப்பு இலவசம்.

எங்கேயோ ஐரோப்பாவில் நடந்தது என்று நினைக்க வேண்டாம். இந்தத் தத்துவம் தினமும் நம்ம ரோட்டில் ஓடுகிறது. டீக்கடை பாய்லரைக் கவனிச்சிருக்கீங்களா? நடுவில் கரி எரியும் குழாய், சுற்றிலும் தண்ணீர். தீ வெளியே தெரியாது, சூடு போகிற வழியெல்லாம் தண்ணீரைத் தொட்டுத்தான் போகணும். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிற கூட்டத்துக்கு ராத்திரி நேரத்தில் சைக்கிளில் சுக்கு காபி விற்கிறவரின் பாத்திரமும் அப்படித்தான். அடியில் நாலு கரித்துண்டு, மேலே மூடி, ஒரு குழாய். அதுதான் திண்டுக்கல்லின் மொபைல் காபி ட்ரெய்லர். இன்வெர்ட்டர் டிரிப் ஆகும் பேச்சுக்கே அங்கே இடமில்லை. காபிக்கொட்டைக்கும் தூரம் போக வேண்டாம், தாண்டிக்குடியும் பண்ணைக்காடும் நம்ம மாவட்டத்து மலைதான். தாண்டிக்குடியில் காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமே இருக்கு.

1814 ஆகஸ்ட் 21 அன்று ஒதேயில் காய்ச்சலில் இறந்தார். வயது 61. கடைசி வருஷங்களில் பாரிஸ் குளிர்காலத்தில் வெள்ளைத் தொப்பி, வெள்ளைக் கோட்டு போட்டுத் திரிவார். வெள்ளை நிறம் உடம்புச் சூட்டைக் குறைவாகக் கதிர்வீசும் என்பது அவர் கணக்கு. ஊர் சிரித்தது. அவர் மாற்றவில்லை. சிறுவயதில் நடந்து போய்ப் பாடம் கேட்ட ஹார்வர்டுக்கு, ஒரு பேராசிரியர் பதவி உண்டாக்க உயிலில் சொத்து எழுதி வைத்திருந்தார்.

இந்த மனிதரை நல்லவர் லிஸ்டில் சேர்க்க என்னால் முடியவில்லை. வீட்டை விட்டு ஓடினார், உளவு பார்த்தார், கல்லறையை உடைத்தார், கூட இருந்தவர்கள் எல்லோரோடும் சண்டை போட்டார். ஒரு வாட் சூடு வீணானாலும் பொறுக்காதவர், மனுஷங்களை அவ்வளவு சுலபமாக விட்டுவிட்டுப் போனார். அதே சமயம், சமையல்கட்டு என்பது ஒரு இன்ஜினியரின் நேரத்துக்குத் தகுதியானது என்று நினைத்தவர் அந்தக் காலத்தில் ரொம்பக் குறைவு. ராக்கெட், ஏஐ என்று புராஜெக்ட் தலைப்பு தேடும் நம்மில் எத்தனை பேருக்கு மெஸ் அடுப்பின் திறன் எவ்வளவு என்று அளக்கத் தோன்றியிருக்கு? அவர் கஞ்சி அண்டாவையும் காபிப் பாத்திரத்தையும் பீரங்கி மாதிரியே சீரியஸா எடுத்துக்கிட்டார். அந்த ஒரு பழக்கத்தை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கலாம், மத்ததை அவரோடயே விட்டுடலாம்.

அடுத்த சிம்போசியத்தில் காபி ஸ்டால் போடப்போற ஜூனியர்களுக்கு: உங்களுக்குக் கிடைக்கப்போவது ஒரே ஒரு 6 ஆம்பியர் பிளக். 230 வோல்ட்டில் அது 1380 வாட். அதில் ரெண்டு கெட்டில் மாட்டி ஃபியூஸைப் போக்காதீங்க. தண்ணீரைக் காலையிலேயே மெஸ் அடுப்பில் ஒரு கொதி விட்டு நல்ல ஃபிளாஸ்க் கேன்களில் அடைச்சுடுங்க. டிகாக்‌ஷனைப் பெரிய பித்தளை ஃபில்டரில் இறக்குங்க, ஃபில்டரை வெந்நீர் அண்டாவுக்குள்ள நிக்க வைங்க. பாலைக் கொதிக்க விட்டுக்கிட்டே இருக்காதீங்க, மூடி வைங்க. பிளக்கை மிக்ஸிக்கும் லைட்டுக்கும் பாட்டுக்கும் வச்சுக்கோங்க. கேஸ் அடுப்பு வைக்க அனுமதி கிடைச்சா காத்தோட்டமான இடமா பார்த்து வைங்க. சாயங்காலம் எத்தனை லிட்டர், எத்தனை கிராம் கேஸ், எத்தனை டிகிரி என்று ஒரு பேப்பரில் எழுதி வச்சா அதுவே ஒரு நல்ல மினி புராஜெக்ட்.